சீனி மச்சானின் வயிறு

ஆகஸ்ட் 6, புதன்

சீனி மச்சான்,

நாலு பேர் முன்னாடி உங்களை நான் இப்படிக் கூப்பிட்டதே இல்லை. வெளியில எப்பவும் 'அசன் அத்தா'தான். இந்தப் பேர் கதவைச் சாத்தின பிறகு கூப்பிடுற பேர். இப்ப கூப்பிட்டா 'என்னடி'ன்னு கேக்க ஆள் இல்லை. அதனால எழுதி வெக்கிறேன்.

அஞ்சாவது படிச்சவ நான். மளிகைச் சீட்டைத் தவிர வேற எதுவும் எழுதினதில்லை. இந்த நோட்டை வாங்கிக் குடுத்தது மருமக பர்ஹானா. எழுதச் சொன்னது ஆஸ்பத்திரியில இருக்கிற கலையரசிங்கிற பொண்ணு. தசைகளுக்குப் பயிற்சி சொல்லிக் குடுக்கிறவ. அவ ரூம் கதவுல பிசியோதெரபின்னு எழுதியிருக்கு. என்ன சாப்பிட்டேன், எப்ப வெளிக்குப் போனேன், எப்ப அடக்க முடியாமப் போச்சு, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதணுமாம். ரெண்டு வரி எழுதினேன். கூச்சமாப் போச்சு. இதையெல்லாம் உங்ககிட்டத்தானே சொல்லியிருக்கேன். அதனால உங்ககிட்டச் சொல்ற மாதிரியே எழுதிக்கிறேன். கலை பார்க்கிறதுக்குச் சாப்பாட்டு விவரத்தை மட்டும் வேற தாள்ல எழுதிக் குடுத்துடுவேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனது உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். உங்க நாப்பதாம் நாள் பாத்திஹாவில நடந்ததுதான் காரணம். பொம்பளைங்க எல்லாரும் ஹால்ல உக்காந்து யாசீன் ஓதுறாங்க. என்னை நடுவுல உக்கார வெச்சுட்டாங்க. திடீர்னு வயித்தை முடுக்குச்சு. எந்திரிச்சுப் போக வழி இல்லை. வெள்ளைச் சேலை எதையும் மறைக்காது மச்சான். பர்ஹானா பார்த்துட்டா. கட்டில் விரிப்பை எடுத்து வந்து என்னைச் சுத்திப் போர்த்தி, "மாமிக்கு மயக்கமா இருக்கு, வழி விடுங்க"ன்னு கூட்டிட்டுப் போயிட்டா. நீங்க இருந்தா என்ன செய்வீங்களோ அதைச் செஞ்சா.

பிறகு கெஞ்சிக் கூத்தாடி டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனா. புருசனை இழந்து இத்தாவில நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ள இருக்க வேண்டியவ வெளியில போகலாமான்னு பேச்சு வந்துச்சு. வைத்தியத்துக்குப் போகத் தடை இல்லைன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிட்டாங்க.

"எத்தனை வருசமா இருக்கு?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. "மகனுக்கு முப்பத்தொண்ணு ஆகுது"ன்னேன். அவங்க பேனாவைக் கீழ வெச்சுட்டு, "பிள்ளையை ஆயுதம் போட்டு எடுத்தாங்களா?"ன்னு கேட்டாங்க. தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில பர்ஹானா மெதுவாக் கேட்டா. "மாமி, மாமாவுக்குத்தானே வயிறு சரியில்லைம்பாங்க?"

நான் ரோட்டைப் பார்த்துக்கிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில டீ, இட்லி. மத்தியானம் சோறு, கத்திரிக்கா புளிக்கறி. சாயங்காலம் டீ. டீ குடிச்ச உடனே ஓட வேண்டியதாப் போச்சு. கதவுகிட்டப் போறதுக்குள்ள கொஞ்சம்.

நல்லா இருக்கா இது எழுதுறதுக்கு?

ஆகஸ்ட் 9, சனி

தம்பி கமால் இளையான்குடியிலிருந்து போன் பண்ணினான். அவன் மக ஜெசீமாவுக்கு நிக்காஹ் தேதி வெச்சுட்டாங்களாம். நவம்பர் ரெண்டு.

"உன் இத்தா முடியட்டும்னுதான் தள்ளி வெச்சோம் அக்கா. மாப்பிள்ளை வீட்டுல எவ்வளவோ அவசரப்பட்டாக. எங்க அக்கா இல்லாம என் வீட்டுல ஒரு காரியமும் நடக்காதுன்னு சொல்லிப்பிட்டேன்" என்கிறான்.

சந்தோசம்தான்னு சொல்லி வெச்சேன். எல்லாரும் என்னைப் பார்த்து 'பாவம், வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கா'ங்கிறாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்றேன், இந்த இத்தா எனக்கு ஒரு விதத்துல நிம்மதியா இருந்துச்சு. எங்கேயும் போக வேண்டாம். ஏன் வரலைன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஏன் பாதியில எந்திரிச்சுப் போனேன்னு காரணம் சொல்ல நீங்களும் வேண்டாம்.

இப்ப அங்க போய் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பொண்ணுக்குப் பக்கத்துல உக்காரணும். நீங்க இல்லாம.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கலை பயிற்சி சொல்லிக் குடுத்தா. சின்னப் பொண்ணுதான். ஆனா முகத்தைச் சுளிக்காமப் பேசுறா. முட்டு வலிக்கு மருந்து சொல்ற மாதிரி இதையும் சொல்றா.

மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கிக்கணும். வாயு பிரியாம அடக்குவோம்ல, அந்த மாதிரி கீழ்த் தசையை உள்ளே இழுத்துப் பிடிக்கணும். வயித்தை எக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது, தொடையை நெருக்கக் கூடாது. "பிடிங்க... பிடிச்சே இருங்க... இப்ப விடுங்க"ன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "என்னம்மா?"ன்னு கேட்டா. ஒண்ணுமில்லைன்னேன். நீங்க பஸ் படியில ஒரு கால், வெளியில ஒரு கால்னு தொங்கிக்கிட்டு "ஹோல்டான்... ஹோல்டான்... ஆயா இறங்கட்டும்... ரைட்!"ன்னு கத்துவீங்கள்ல, அது காதுல கேட்டுச்சு. அறந்தாங்கி காரைக்குடி ரூட்டுல உங்க தொண்டை தெரியாத ஆளு கிடையாது. கல்யாணம் ஆன புதுசுல அந்த பஸ்ஸுலேயே ஏறி முன் சீட்டுல உக்காந்து உங்களை வேடிக்கை பார்த்துக்கிட்டே போய்ட்டுத் திரும்பி வந்திருக்கேன். என்கிட்டயும் வந்து "எங்கம்மா போகணும்?"னு கேட்டீங்களே, முகத்துல ஒரு சிரிப்பு இல்லாம! நான் "நீங்க எங்க போறீங்களோ அங்க"ன்னு சொன்னதும் பின் சீட்டுக் கிழவி முறைச்சதும் இன்னும் ஞாபகம் இருக்கு.

இனிமே அப்படித்தான் பண்ணப்போறேன். ஹோல்டான்னா இழுத்துப் பிடிக்கணும். ரைட்டுன்னா விட்டுடணும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

உங்க அக்கா ரஹ்மத் மச்சி வந்திருந்தாங்க. வந்ததும் வராததுமா, "இத்தாவில இருக்கிறவ ஆட்டோ ஏறி ஆட்டோ இறங்குறாளாமே, தெரு பூரா பேச்சா இருக்கு"ன்னாங்க. எலும்பு வலின்னு பர்ஹானா சமாளிச்சா.

பிறகு உங்க பேச்சு. உங்க போட்டோவைப் பார்த்து அழுதாங்க, அழுது முடிச்சுட்டுச் சிரிச்சாங்க. எந்தக் கல்யாண வீட்டுலயும் பந்தி முடியுறதுக்கு முன்னாடி வாசல்ல வந்து வயித்தைத் தடவிக்கிட்டு நிப்பீங்கள்ல, அதை நடிச்சுக் காமிச்சாங்க. அச்சு அசல் நீங்களேதான். எனக்கும் சிரிப்பு வந்துச்சு.

"அவனைத் தூக்கி வளர்த்தவ நான். நிக்காஹுக்கு முன்னாடி எந்தத் தொந்தரவும் கிடையாது. கந்தூரியில நாலு பேர் சுத்தி உக்காந்து திங்கிற சஹன் சோத்தை ஒத்த ஆளாக் காலி பண்ணுவான். என்னத்த ஆக்கிப் போட்டியோ, வந்த ரெண்டாம் வருசமே வயித்தைக் கெடுத்துப்புட்டே"ன்னு என் தொடையில ஒரு தட்டு.

இதை நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு எனக்குக் கண்ணடிப்பீங்க. இன்னிக்கு நான் போட்டோவைப் பார்த்தேன். போட்டோவில நீங்க ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி விறைப்பா இருக்கீங்க.

ஆகஸ்ட் 20, புதன்

இன்னிக்கு ரெண்டு தடவை. எழுதப் பிடிக்கலை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முந்தாநாள் கதையைக் கலைகிட்டச் சொன்னேன். "ரெண்டு வாரத்துல சரியாகுற விசயமா அம்மா? முப்பது வருசமாச் சோம்பிக் கிடந்த தசை. மெதுவாத்தான் வரும். முழுசாச் சரியாகாமக்கூடப் போகலாம், ஆனா நீங்க அதுக்குப் பயப்படாம இருக்கப் பழகலாம்"ன்னா. பொய் சொல்லாத பொண்ணு.

புதுசா ஒரு வேலை குடுத்திருக்கா. தினமும் காலையில டீ குடிச்சதும், வருதோ வரலையோ, அதே நேரத்துக்குப் போய் உக்காரணும். காலுக்குக் கீழ ஒரு முக்காலி வெச்சுக்கிட்டு, முன்னாடி சாஞ்சு, அவசரப்படாம. வயிறு ஒரு நேரத்துக்குப் பழகிடுமாம். வண்டி டைமுக்கு எடுக்கிற மாதிரி. நீங்க கேட்டிருந்தா ஒரு நிமிசம் லேட்டானாலும் பெர்மிட் போயிடும்னு சொல்லியிருப்பீங்க.

ஹாலை ஒட்டி அசன் கட்டிக் குடுத்தானே வெஸ்டர்ன் கக்கூஸு, அதுலதான். குவைத்துலிருந்து முதல் லீவுக்கு வந்தப்ப, "அத்தா வயித்துக்கு ராத்திரி கொல்லைக்குப் போக வேண்டாம்"னு கட்டினான். டைல்ஸ் கலரெல்லாம் உங்களைத்தான் கேட்டான். நீங்களும் பெரிய மனுசனாட்டம் நீலம்தான் வேணும்னீங்க. எனக்குப் பிடிச்ச கலர்.

முக்காலியை உள்ள வைக்கும்போது பர்ஹானா கேட்டா. "மாமி, மாமா கடைசி வரைக்கும் கொல்லைக் கக்கூஸுக்குத்தானே போனாங்க? இதுல ஒருநாளும் நான் பார்த்ததில்லையே."

"அவங்களுக்கு அதுதான் பழக்கம்"ன்னேன்.

அவ முக்காலியைத் துடைச்சு வெச்சா. பிறகு வெளியில வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கெட்டிக்காரி. உங்க செலக்சன்தானே.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஜும்ஆ பாங்கு சொன்னப்ப ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

அசனுக்கு நாலு வயசு இருக்கும். தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுத்து முசல்லாப் பாயில நின்னா, ருக்கூவுக்குக் குனியும்போதே அடக்க முடியாம ஒளு முறிஞ்சிடும். திரும்பப் போய்க் கழுவி, திரும்ப நிப்பேன். திரும்பவும் அதே. ஒருநாள் முசல்லாவை மடிச்சு பெட்டிக்குள்ள வெச்சுட்டேன். நான் தொழுகிறதுக்கு லாயக்கில்லாதவன்னு நினைச்சுக்கிட்டேன். நீங்க ஏன்னு கேக்கலை. சட்டையை மாட்டிக்கிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனீங்க.

திரும்பி வந்து, "பெட்டியைத் திற. இது மாதிரி தங்கடம் உள்ளவங்க ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் ஒரு ஒளு எடுத்துக்கிட்டுத் தொழுதா போதும், நடுவுல முறிஞ்சாலும் பரவாயில்லைன்னு ஹஜ்ரத் சொல்லிட்டாங்க"ன்னீங்க.

எனக்கு உயிரே போச்சு. "ஹஜ்ரத்கிட்டப் போய் என்னைப் பத்திச் சொன்னீங்களா?"

"உன்னைப் பத்தி எதுக்குச் சொல்றேன்? எனக்குன்னு சொன்னேன். ரெண்டு மாதுளம்பழத் தோலைக் காயவெச்சுப் பொடி பண்ணிக் குடிக்கச் சொன்னாங்க. நாளையிலிருந்து அதையும் குடிக்கணும், பார்த்துக்க."

குடிச்சீங்களே மச்சான். கசக்குதுன்னு சொல்லிக்கிட்டே குடிச்சீங்க.

செப்டம்பர் 5, வெள்ளி

மீலாது நபி. தெருவுல பாயசம் குடுத்தாங்க. ஒரு டம்ளர் குடிச்சேன். ஒண்ணும் ஆகலை.

செப்டம்பர் 11, வியாழன்

அடுத்த பாடம். இதுதான் கஷ்டம். முடுக்குனா ஓடக் கூடாதாம்.

"ஓடுனா வயிறு குலுங்கும், பயம் கூடும், தசை விட்டுடும். அப்படியே நில்லுங்க, இல்லை உக்காருங்க. இழுத்துப் பிடிங்க. மூச்சை மெதுவா விடுங்க. அலை வந்துட்டுப் போற மாதிரி அது அடங்கும். அடங்கின பிறகு நிதானமா நடந்து போங்க"ன்னு கலை சொல்றா. முதல்ல கக்கூஸ் கதவுக்குப் பக்கத்துலேயே நாற்காலி போட்டுக்கணும். பழகப் பழக நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கணும்.

நான் அதுக்கு ஊர்ப் பேர் வெச்சிருக்கேன். கக்கூஸ் கதவு அறந்தாங்கி. பிரிட்ஜ் பக்கம் கீழாநிலை. டிவி பக்கம் புதுவயல். வாசக் கதவு காரைக்குடி. கேட்டுப் பக்கம் போயிட்டா சிவகங்கை. அங்கிருந்து இளையான்குடி கிட்டத்தான்.

"மாமி, இன்னிக்கு எந்த ஊர்ல இறங்குனீங்க?"ன்னு பர்ஹானா அடுப்படியிலிருந்து கேக்கிறா.

"கீழாநிலை தாண்டலைடி. டயர் பஞ்சர்"ன்னேன்.

அவ சிரிச்ச சிரிப்புல தோசை கருகிடுச்சு.

செப்டம்பர் 18, வியாழன்

புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தா. வாரத்துல ஒருநாள் கலைக்கு அங்கதான் வேலை. அங்க ஒரு மிஷின் இருக்கு. மெல்லிசா ஒரு குழாயை உள்ள வெச்சு, டிவி மாதிரி ஒண்ணைப் பார்க்கச் சொல்றாங்க. இழுத்துப் பிடிச்சா கோடு மேல ஏறுது, விட்டா இறங்குது. கூச்சம் முதல்ல மட்டும்தான். பிறகு எனக்கே விளையாட்டாப் போச்சு. இத்தனை நாளா வயித்தையும் தொடையையும்தான் இறுக்கிக்கிட்டு இருந்திருக்கேன், இழுக்க வேண்டியதை இழுக்கவே இல்லைன்னு அந்தக் கோடு காமிச்சுக் குடுத்துச்சு. சரியான இடத்தைப் பிடிச்சதும் கோடு ஜிவ்வுன்னு ஏறிச்சு. "அதான்மா! அதேதான்!"னு கலை கை தட்டினா. என் உடம்புல எது எங்க இருக்குன்னு இந்த வயசுல டிவியில பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

வெளியில வரும்போது கலைகிட்ட சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். மாரடைப்பு வந்தா வயித்துல வலிக்குமான்னு. "சில பேருக்கு அப்படி வரும்மா. நெஞ்சு வலிக்காது. மேல் வயித்துல ஒரு மாதிரி கனமா, வாயு மாதிரி இருக்கும். ஏன் கேக்கிறீங்க?"ன்னா. சும்மாத்தான்னு சொன்னேன்.

மார்க்கெட்ல வெண்டைக்காய் பிஞ்சா இருந்துச்சு. வாங்கிட்டு வந்தோம்.

செப்டம்பர் 24, புதன்

புதுவயல் வந்துட்டேன் மச்சான்! டிவி பக்கம் உக்காந்திருந்தப்ப முடுக்குச்சு. ஓடலை. ஹோல்டான்னு மனசுக்குள்ள சொன்னேன். அலை மாதிரியேதான் வந்துச்சு, அலை மாதிரியே போச்சு. பிறகு நானா எந்திரிச்சு, சேலையைச் சரி பண்ணிக்கிட்டு, ராணி மாதிரி நடந்து போனேன்.

புதுவயல்னதும் அந்த அரிசி மில்லு ஞாபகம் வருது. காரைக்குடிக்கு என் சின்னம்மா மகளைப் பார்க்கப் போனோம். அன்னிக்கு உங்களுக்கு லீவு, உங்க வண்டியிலேயே டிக்கெட் எடுத்துப் போறோம். புதுவயல் கிட்ட என் முகம் மாறுச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லலை. நீங்க எந்திரிச்சு, "அண்ணே, ஓரங்கட்டுங்க, வயிறு கலக்குது"ன்னு கத்துனீங்க. டிரைவர் முருகையா அண்ணன், "ஏப்பா சீனி, உன் வயித்துக்குன்னு தனியா ஒரு ஸ்டாப்பிங் கேட்டு வாங்கிடு"ங்கிறார். வண்டியே சிரிக்குது. "என் சம்சாரம் தனியா உக்காரப் பயப்படுவா"ன்னு என்னையும் இறக்கிக்கிட்டீங்க.

மில்லு வாட்ச்மேன்கிட்டப் பேசி கக்கூஸ் சாவி வாங்குனது நீங்க. உள்ள போனது நான். நீங்க வெளியில விசில் அடிச்சுக்கிட்டு நின்னீங்க. மில்லுல நெல்லு அவிக்கிற வாசனை. வெளியில வந்தா அந்தப் பஸ் போயிடுச்சு. அடுத்த வண்டிக்கு ரெண்டு பேரும் புளிய மரத்தடியில நின்னோம். நான் அழுதேன். "எதுக்கு அழுவுற? உன்கூட இப்படி மரத்தடியில நிக்க எனக்கு வேற எப்ப லீவு கிடைக்கும்?"னீங்க. கடலை மிட்டாய் வாங்கிக் குடுத்தீங்க.

இன்னும் அந்த மரம் இருக்கான்னு பார்க்கணும். போற வழிதானே.

அக்டோபர் 3, வெள்ளி

வாழைப்பழம், கோதுமைத் தோசை, கீரை. டீயைக் காலையில ஒண்ணோட நிறுத்திட்டேன். சாயங்காலம் அது இல்லாம ஒரு மாதிரிதான் இருக்கு. அந்த நேரத்துக்குத்தான் நீங்க வந்து "ஒரு டீ"ன்னு உக்காருவீங்க.

அக்டோபர் 8, புதன்

அசன் வீடியோவில பேசினான். "அம்மா, கல்யாணத்துக்குப் போகும்போது கார் வெச்சுக்கங்க. அத்தா இருந்தா வயிறு வயிறுன்னு பத்து இடத்துல நிறுத்துவாங்க, இப்ப அந்தக் கவலை இல்லை"ன்னான். சிரிக்கத்தான் சொன்னான். சொல்லிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

பர்ஹானா என்னைப் பார்த்தா. நான் வேணாம்னு கண்ணைக் காட்டினேன்.

கண்ணைக் காட்டினதும் எனக்கே திக்குன்னு ஆச்சு. அதே மாதிரி இன்னொரு நாளும் கண்ணைக் காட்டியிருக்கேன். அதைப் பத்தி எழுத மாட்டேன்.

அக்டோபர் 15, புதன்

காரைக்குடி. வாசக் கதவுகிட்ட மத்தியானம் பூரா உக்காந்து அரிசியில கல்லு பொறுக்கினேன். கல்லே இல்லாத அரிசி. சும்மா உக்காரணும்கிறதுக்காக.

அக்டோபர் 23, வியாழன்

இத்தா முடிஞ்சுச்சு. காலையில குளிச்சு, கமால் கொண்டு வந்த சேலையைக் கட்டினேன். இளநீலம். எனக்குப் பிடிச்ச கலர்னு அவனுக்குத் தெரியாது, தற்செயலா அமைஞ்சது. பொம்பளைங்க ஓதி துஆ கேட்டாங்க. ரஹ்மத் மச்சி என் தலையைத் தடவிக் கண்ணு கலங்கினாங்க. "இனிமே வெளியில வா, பிள்ளை. கல்யாணம் காட்சிக்கெல்லாம் நிம்மதியா உக்காந்து சாப்பிடலாம். இழுத்துட்டுப் போறதுக்குத்தான் அவன் இல்லையே"ன்னாங்க. அன்பாத்தான் சொன்னாங்க.

கேட்டைத் திறந்து தெருவைப் பார்த்தேன். கேட்டுப் பக்கம்னா சிவகங்கை. வந்து சேர்ந்துட்டேன். ஆனா அந்தப் பக்கம் நீங்க சைக்கிளை ஸ்டாண்டு போட்டுட்டு நிக்கலை.

நவம்பர் 1, சனி

இளையான்குடி. காரை வேண்டாம்னு சொல்லி பஸ்ஸுலதான் வந்தேன். கூட பர்ஹானாவும் ரஹ்மத் மச்சியும். புதுவயல்ல அந்தப் புளிய மரம் இல்லை. ரோடு அகலப்படுத்தினப்ப வெட்டிட்டாங்களாம். மில்லு இருக்கு.

காரைக்குடியில இறங்கி நானா கட்டணக் கழிப்பறையைத் தேடிப் போயிட்டு வந்தேன். யாருக்கும் காரணம் சொல்லலை. யாரும் கேக்கவும் இல்லை. இவ்வளவுதானா மச்சான்? இதுக்கா நீங்க இத்தனை வருசம் வயித்தைப் பிடிச்சீங்க?

நவம்பர் 3, திங்கள்

நேத்து எழுத முடியலை. ஊர் திரும்பி இப்பத்தான் உக்காந்தேன். நடந்ததை நடந்த மாதிரி சொல்றேன்.

ஜெசீமா பக்கத்துல நாற்காலி போட்டு என்னை உக்கார வெச்சான் கமால். கக்கூஸ் மண்டபத்தோட பின்பக்கம், நான் முன்பக்கம். வழியெல்லாம் ஆளுங்க. நிக்காஹ் ஓதி துஆ கேக்கும்போது முடுக்குச்சு. எல்லாரும் கையேந்தியிருக்காங்க, எந்திரிக்க முடியாது. பழைய பயம் காலிலிருந்து ஏறுச்சு. ஹோல்டான்னேன். நீங்க படியில தொங்குறீங்க. ஹோல்டான், ஹோல்டான், பொண்ணு வீடு இருக்கட்டும், மாப்பிள்ளை வீடு இருக்கட்டும். மூச்சை மெதுவா விட்டேன். போயிடுச்சு. எல்லாரும் ஆமீன் சொன்னப்ப நானும் சொன்னேன். பிறகு நிதானமா நடந்து பின்பக்கம் போயிட்டு வந்து அதே நாற்காலியில உக்காந்தேன். ஜெசீமா கழுத்துல கருகமணி கட்டுறதைக் கண்ணாலப் பார்த்தேன். இதுக்கு முன்னாடி எந்தக் கல்யாணத்துல கடைசி வரை உக்காந்து பார்த்திருக்கேன்?

ஒண்ணே ஒண்ணுதான். ஜூன் மாசத்துல.

சாப்பாட்டுக்கு சஹனைச் சுத்தி உக்காந்தோம். ரஹ்மத் மச்சி சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "என் தம்பி இருந்தா இந்நேரம் வாசல்ல வந்து வயித்தைத் தடவிக்கிட்டு நிப்பான், 'சபுரா, போலாமா'ன்னு. இவ சமையலு அவனைக் கடைசி வரை விடலை"ன்னாங்க. சுத்தி எல்லாரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புல நீங்க இருந்தீங்க, அதனால எனக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு. ஆனா இனிமே அதை உங்க தலையில சுமக்க விடக் கூடாதுன்னு தோணுச்சு.

"அது அவங்க வயிறு இல்லை மச்சி"ன்னேன். "என் வயிறு. அசன் பிறந்ததிலிருந்து எனக்குத்தான் அடக்க முடியாது. அவங்க எனக்காகச் சொன்னாங்க. அவங்களுக்கு ஒரு நாளும் வயித்துல ஒண்ணும் இல்லை."

சஹன்ல கை வெச்சவங்க எல்லாரும் கையை எடுத்துட்டு என்னைப் பார்த்தாங்க. பர்ஹானா என் முதுகுல கை வெச்சா. ரஹ்மத் மச்சிக்கு முதல்ல புரியலை. புரிஞ்சதும் முகம் குழந்தை மாதிரி ஆயிடுச்சு. "அடப்பாவி... என்கிட்டக்கூடச் சொல்லலையே அவன்... நான் எவ்வளவு கேலி பண்ணியிருப்பேன்"ன்னு சொல்லி, என் வாயில ஒரு துண்டு கறியை ஊட்டினாங்க. அடுத்த துண்டை எடுத்த கை பாதியில நின்னுச்சு.

"அப்ப அன்னிக்கு?"ன்னு கேட்டாங்க.

நான் குனிஞ்சு சோத்தைப் பிசைஞ்சேன்.

"ஜூன் மாசம், அந்தக் கல்யாணத்துல. வாசல்ல வந்து வயித்துல கை வெச்சுக்கிட்டு நின்னானே. நாங்கூட 'ஆரம்பிச்சுட்டான்'னு சிரிச்சேனே. அன்னிக்கும் உனக்காகவா சபுரா?"

எந்திரிச்சுக் கை கழுவப் போயிட்டேன்.

எழுத மாட்டேன்னு சொன்னதை எழுதிடுறேன் மச்சான். அன்னிக்கு நான் முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்திட்டேன், ஒரு கல்யாணத்துலயாவது கடைசி வரை இருக்கணும்னு. என் வயிறு லேசா, காலியா இருந்துச்சு. நல்லா இருந்தேன். சினேகிதிங்களோட பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க பொம்பளைங்க பக்கத்து வாசல்ல வந்து நின்னீங்க. மேல் வயித்துல கையை வெச்சு, "வயிறு ஒரு மாதிரி இருக்கு சபுரா, போலாமா?"ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு, நான் கேக்காமலே எனக்காக வந்துட்டீங்கன்னு. எனக்கு ஒண்ணுமில்லை, இருங்கன்னு கண்ணைக் காட்டினேன். நீங்க கொஞ்ச நேரம் அங்கேயே நின்னீங்க. என்னைப் பார்த்தீங்க. நான் சந்தோசமா இருக்கேன்னு தெரிஞ்சிருக்கும். சரின்னு தலையாட்டிச் சிரிச்சுட்டுத் திரும்பிப் போனீங்க. நான் ஐஸ்கிரீம் வரைக்கும் சாப்பிட்டுத்தான் எந்திரிச்சேன்.

வீட்டுக்கு வந்து படுத்தீங்க. சாயங்காலம் அஸர் பாங்குக்கு எழுப்பினேன். எந்திரிக்கலை. மாரடைப்புன்னாங்க.

எப்பவும் அடிவயித்துலதான் கையை வெச்சுத் தடவுவீங்க. அன்னிக்குக் கை மேல இருந்துச்சா, இல்லை நான் இப்பத்தான் அப்படி நினைச்சுக்கிறேனா, தெரியலை. ஒவ்வொரு நாளும் அந்த வாசலை மனசுல திறந்து பார்க்கிறேன். நீங்க நிக்கிறீங்க. முகம் மட்டும் தெளிவாத் தெரிய மாட்டேங்குது.

இப்ப நான் எங்க வேணும்னாலும் உக்காருவேன். ஓட மாட்டேன். யாரும் எனக்காக எந்திரிச்சு வர வேண்டாம். நீங்க சொல்லுங்க, கோபப்பட மாட்டேன், அழ மாட்டேன்.

சீனி மச்சான், அன்னிக்கு வாசல்ல நின்னு போலாமான்னு கேட்டது எனக்காகவா, உங்களுக்காகவா?